உமிக் கரியிலிருந்து நேரடியாக மின்சாரம்: கார்பன் ஃபியூயல் செல் நம்ம ஊர் ஆலைக்குச் சரிப்படுமா?

உமிக்களம் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். நீடாமங்கலம் பக்கம் புழுங்கல் அரிசி ஆலை. நாளைக்கு 20 டன் நெல் அரைத்தால் ஏறக்குறைய 4 டன் உமி விழும். பாய்லருக்குப் போக மிஞ்சுவதைச் சூளைக்காரர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பாய்லர் சாம்பலைத்தான் யாரும் சீந்துவதில்லை. கருகருவென்று வருகிறது, அதாவது கரி முழுக்க எரியாமலே வெளியே வந்துவிடுகிறது.

கரியை எரிக்காமல், நீராவி, டர்பைன் எதுவும் இல்லாமல் நேராக மின்சாரமாக மாற்றும் ஃபியூயல் செல் பற்றிப் படித்தேன். திறன் 80 சதவீதம் என்று போட்டிருக்கிறது. பாய்லர் சாம்பலில் உள்ள கரியே இதற்குப் போதுமா, இல்லை உமியைத் தனியாகக் கரியாக்க வேண்டுமா? ஒரு வீடியோவில் இரும்புச் சட்டியில் காஸ்டிக் சோடாவை உருக்கி, நடுவில் கரிக்கட்டையைத் தொங்கவிட்டு, காற்று ஊதி பல்பு எரிய வைக்கிறார்கள். அந்த முறை சரியா? 5 எச்பி மோட்டார் ஓட எவ்வளவு பெரிய செல் வேண்டும்? அண்ணன் வீட்டில் 10 மாடு இருக்கிறது. சாண எரிவாயுவில் ஃபியூயல் செல் ஓட்டுவது இதைவிடச் சுலபமா?

முதலில் மேசை மேல் ஒரு சின்ன செல் செய்து பார்க்கத்தான் எண்ணம். அளவுகளோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

---

காரை மின்வேதி

தம்பி, காஸ்டிக் சோடா சட்டியை முதலில் ஓரம் கட்டிவிடலாம். 1896இல் அமெரிக்காவில் வில்லியம் ஜாக்ஸ் இதே ஏற்பாட்டில் 100 செல் அடுக்கி ஒன்றரை கிலோவாட் அளவுக்கு எடுத்தார். திறன் 82 சதவீதம் என்றார். சட்டியைச் சூடாக்கச் செலவான வெப்பத்தையும் காற்று ஊதிய பம்ப்பையும் கணக்கில் சேர்த்ததும் அது 8 சதவீதமாக இறங்கியது. 1904இல் ஹேபர், புரூனர் என்ற வேதியியலாளர்கள் இன்னொன்றைக் காட்டினார்கள்: அங்கே மின்சாரம் தந்தது கரி அல்ல, கரியும் உருகிய காஸ்டிக்கும் சேர்ந்து விடுகிற ஹைட்ரஜன். இதெல்லாம் போகட்டும், எலக்ட்ரோலைட்டே (செல்லுக்குள் அயனிகளைக் கடத்தும் பொருள், இங்கே காஸ்டிக்) தீர்ந்துபோவதுதான் பெரிய கோளாறு. வருகிற கார்பன் டை ஆக்சைடை காஸ்டிக் சோடா விழுங்கி சோடியம் கார்பனேட்டாக மாறிவிடும். 1 கிலோ கார்பனுக்கு 6.7 கிலோ காஸ்டிக் காலி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

80 சதவீதக் கணக்கு பொய் இல்லை. கார்பன் முழுசாகக் கார்பன் டை ஆக்சைடு ஆகும்போது என்ட்ரோபி (ஆற்றல் சிதறும் அளவு) மாற்றம் ஏறத்தாழ பூச்சியம். ஒரு மோலுக்கு 394 கிலோஜூல் வெப்பம் வரும் என்றால், மின்சாரமாக எடுக்கக்கூடியதும் கிட்டத்தட்ட அதே 394தான். 25 டிகிரியிலும் அப்படித்தான், 700 டிகிரியிலும் அப்படித்தான். ஆகவே சுமை இல்லாத வோல்டேஜ் எந்தச் சூட்டிலும் 1.02ஐ ஒட்டி நிற்கும். ஹைட்ரஜன் செல் 25 டிகிரியில் 1.23 வோல்ட், 800 டிகிரியில் 1க்குக் கீழே போய்விடும். 1 கிலோ கார்பனில் உள்ள ஆற்றல் 9.1 யூனிட். 0.7 வோல்ட்டில் செல்லை ஓட்டினால் 6.2 யூனிட் வெளியே வர வேண்டும்.

இந்த 6.2 கிடைக்க ஒரு கார்பன் அணுவிடமிருந்து 4 எலக்ட்ரானும் வந்தாக வேண்டும். 700 டிகிரி தாண்டினால் கரி, தன் பக்கத்தில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடாக ஓடப் பார்க்கும். அது செல்லில் எரியாமல் வெளியேறினால் 2 எலக்ட்ரான்தான் மிச்சம், கணக்கு பாதியாகிவிடும். உருகிய கார்பனேட் வைத்த செல்லை 650 டிகிரி வாக்கில் நிறுத்துவதற்கு இது முக்கியக் காரணம். சூட்டைக் கூட்டினால் கரண்ட் ஏறும், கரி வீணாவதும் ஏறும்.

உருகிய கார்பனேட்டில் காஸ்டிக்கின் வியாதி இல்லை. கேத்தோடில் (காற்றுப் படும் முனை) ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து கார்பனேட் அயனியாகும். அது ஆனோடுக்கு (கரி இருக்கும் முனை) போய்க் கரியோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகும். எலக்ட்ரோலைட் செலவாவதில்லை. ஆனோடில் 3 பங்கு கார்பன் டை ஆக்சைடு வந்தால் 2 பங்கைக் கேத்தோடுக்குத் திருப்பிவிட வேண்டும், 1 பங்கு மட்டும் வெளியே.

இனி உங்கள் உமி. உமியில் 18 முதல் 20 சதவீதம் சாம்பல், அதில் 90 சதவீதத்துக்குப் பக்கம் சிலிக்கா. கரியாக்கினால் கார்பன் பாதி போய் சாம்பல் அப்படியே நிற்கும். உமிக் கரியில் 40 சதவீதம் சாம்பல் என்பது சாதாரணம், பாய்லர் சாம்பலில் இன்னும் மேலே. உருகிய கார்பனேட்டுக்குச் சிலிக்கா நேர்ப் பகை. கார்பனேட்டைச் சிலிகேட்டாக்கி, உருகலைக் கஞ்சி மாதிரி கெட்டியாக்கிவிடும். 100 கிராம் உமிக் கரியில் 36 கிராம் சிலிக்கா என்று வையுங்கள். அது குறைந்தபட்சம் 83 கிராம் பொட்டாசியம் கார்பனேட்டையோ 44 கிராம் லித்தியம் கார்பனேட்டையோ தின்னும். பாய்லர் சாம்பலை மறந்துவிடுங்கள்.

5 எச்பி: மோட்டார் இழப்பையும் சேர்த்து 4.5 கிலோவாட் உள்ளே போக வேண்டும். நல்ல ஆய்வுக்கூடச் செல்கள் சதுர மீட்டருக்கு 1 கிலோவாட் வரை காட்டியிருக்கின்றன. நீங்கள் அதில் பாதி எடுத்தாலே சாமர்த்தியம். அப்படியானால் 9 சதுர மீட்டர், அதாவது உள்ளங்கை அகலத் தகடு 1,100க்கு மேல். மோட்டார் யோசனையை இப்போதைக்கு விட்டுவிட்டு மேசைச் செல்லை மட்டும் பாருங்கள்.

---

கொப்பரை

உமியோடு மல்லுக்கட்ட வேண்டாம் சார். பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் வந்தால் தேங்காய்ச் சிரட்டைக் கரி மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். நல்ல சிரட்டைக் கரியில் சாம்பல் 1 முதல் 3 சதவீதம்தான். சீமைக்கருவேலக் கரியில் சுண்ணாம்புச் சத்து கூடுதல், சவுக்குக் கரி பரவாயில்லை.

வாங்கிய கரியை அப்படியே போடக்கூடாது. குழியில் சுட்டது 450, 500 டிகிரிக்கு மேல் போயிருக்காது. உள்ளே தார் இருக்கும், மின்சாரமும் சரியாகக் கடத்தாது. மூடி போட்ட இரும்பு டப்பாவில் அடைத்து, மூடியில் ஆணித் துவாரம் ஒன்று விட்டு, 800 டிகிரியில் 1 மணி நேரம் வையுங்கள். துவாரத்தில் எரிகிற சுடர் தானாக அணைந்தால் ஆவியெல்லாம் போய்விட்டது என்று அர்த்தம். டப்பா முழுக்க ஆறும்வரை திறக்காதீர்கள், திறந்தால் கரி பற்றிக்கொள்ளும். 1,000 டிகிரிக்கு மேல் ஏற்றவும் வேண்டாம். கரி கிராஃபைட் பக்கம் சாயச் சாய கடத்துதிறன் கூடும், ஆனால் செல்லில் வேலை செய்யச் சோம்பும்.

பிறகு அரைத்து 200 மெஷ் சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள் (75 மைக்ரான்).

உமிதான் வேண்டும் என்றால் சிலிக்காவைக் கழுவி எடுக்க வழி இருக்கிறது. உமியை 600 டிகிரி வாக்கில் சுட வேண்டும். சூடு அதிகமானால் உமியில் உள்ள பொட்டாசியத்தின் தயவில் சிலிக்கா படிகமாகி, காரத்தில் கரையவே கரையாது. பாய்லர் சாம்பல் கழுவலுக்கும் ஆகாது என்பது இதனால்தான். 100 கிராம் கரிக்கு 1 லிட்டர் தண்ணீர், 60 கிராம் காஸ்டிக் சோடா. 90 டிகிரியில் 2, 3 மணி நேரம் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்டீல் பாத்திரம் மட்டும். அலுமினியப் பாத்திரத்தைக் காஸ்டிக் அரித்து ஹைட்ரஜன் விடும். கண்ணாடி, கையுறை இல்லாமல் கிட்டே போகாதீர்கள். வடிகட்டினால் வருகிற தண்ணீர் சோடியம் சிலிகேட் கரைசல், அதை வாய்க்காலில் ஊற்றிவிடாதீர்கள். கரியை நன்றாக அலசி, 5 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 1 மணி நேரம் போட்டு, மறுபடி அலசுங்கள். அலசிய தண்ணீரில் சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விட்டால் வெள்ளையாகத் திரியக்கூடாது. 110 டிகிரியில் உலர்த்தவும்.

எந்தக் கரியானாலும் சாம்பல் சோதனை செய்யாமல் செல்லில் போடாதீர்கள். 1 கிராம் கரியைத் திறந்த குரூசிபிளில் (சூடு தாங்கும் கிண்ணம்) 750 டிகிரியில் 6 மணி நேரம் வைத்து மிச்சத்தை எடை போடுங்கள். 0.03 கிராமுக்குள் இருந்தால் நல்லது.

---

காரை மின்வேதி

கொப்பரை சொன்னது சரி. இனி மேசைச் செல்.

உப்பு 300 கிராம்: லித்தியம் கார்பனேட் 140, பொட்டாசியம் கார்பனேட் 160. மோல் கணக்கில் 62க்கு 38, உருகுவது 490 டிகிரிக்குப் பக்கம். லித்தியம் விலை உறுத்தினால் லித்தியம், சோடியம், பொட்டாசியம் மூன்று கார்பனேட்டையும் எடையில் ஏறக்குறைய சமமாகக் கலந்துகொள்ளலாம், அது 400 டிகிரியிலேயே உருகும். பொட்டாசியம் கார்பனேட் நம்ம ஊர் ஐப்பசிக் காற்றில் தட்டில் வைத்த அரை மணியில் பிசுபிசுத்துவிடும். 250 டிகிரியில் ராத்திரி முழுக்க உலர்த்தி, சூடு ஆறுமுன்பே எடை போட்டுக் கலக்க வேண்டும்.

பாத்திரம் 99 சதவீத அலுமினா குரூசிபிள், 300 மில்லி. மண்சட்டி, பீங்கான், குவார்ட்ஸ் எதுவும் ஆகாது, எல்லாவற்றிலும் சிலிக்கா. எஸ்எஸ் 304 கொஞ்சம் தாங்கி அப்புறம் பொத்தலாகும்.

நடுவில் 20 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள அலுமினாக் குழாய், இரண்டு பக்கமும் திறந்தது. உருகலுக்குள் 2 செண்டிமீட்டராவது இறங்க வேண்டும், அடியில் 1 செண்டிமீட்டர் இடைவெளி. குழாய்க்குள் கேத்தோடு: 10 சதுர செண்டிமீட்டர் நிக்கல் ஃபோம் (பஞ்சு மாதிரி துளையுள்ள நிக்கல்) சுருள், அதன் அடியில் மெல்லிய அலுமினாக் குழாய் வழியாகக் காற்றும் கார்பன் டை ஆக்சைடும் குமிழ் விட வேண்டும். மீன்தொட்டி பம்ப்பிலிருந்து காற்று 70 பங்கு, வெல்டிங் சிலிண்டரிலிருந்து கார்பன் டை ஆக்சைடு 30 பங்கு, மொத்தம் நிமிடத்துக்கு 100 மில்லி. இந்த விகிதத்தில் கார்பன் டை ஆக்சைடு 2, ஆக்சிஜன் 1 என்று அமையும், கேத்தோடு கேட்பதும் அதுதான். சிலிண்டர் இல்லாமல் வெறும் காற்று விட்டால் சுமை போட்டதும் வோல்டேஜ் படுத்துவிடும். நிக்கல் ஃபோம் தானாகவே ஆக்சைடாகி, லித்தியத்தையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு கறுப்பாகும். அது ஆகட்டும், அந்த ஆக்சைடுதான் நிஜக் கேத்தோடு.

குழாய்க்கு வெளியே உள்ள வளையம் ஆனோடு பக்கம். 10 கிராம் கரித்தூளை 90 கிராம் உப்போடு முன்பே அரைத்துக் கலந்து போடுங்கள். வெறும் கரியை மேலே தூவினால் மிதந்துகொண்டே இருக்கும், நனையாது. நிக்கல் வலை ஒன்றை வளைத்து இந்தக் குழம்புக்குள் அமிழ்த்தினால் அதுதான் கரண்ட் எடுக்கும் தகடு. மேலே ஆர்கான் மெல்லப் போய்க்கொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் கரி சும்மா எரிந்துபோகும். கேத்தோடுக் குமிழ் குழாயின் அடி வழியாக இந்தப் பக்கம் தப்பி வந்தாலும் அதே கதி. குமிழ்க் குழாயின் நுனியை ஃபோமுக்கு வெகு கீழே இறக்காதீர்கள்.

நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் 300 வரை, அங்கே 1 மணி நேரம் நிறுத்தி ஈரம் போனதும் 650. சூடு அளக்கும் தெர்மோகப்பிள் கே டைப், அலுமினா உறைக்குள். வெறும் கம்பியை உருகலில் விட்டால் அரித்துவிடும். 1 மணி நேரத்தில் வோல்டேஜ் 0.95க்கும் 1.05க்கும் நடுவில் நிலைக்க வேண்டும். 0.8க்கு மேல் வரவே இல்லை என்றால் கேத்தோடில் கார்பன் டை ஆக்சைடு போகவில்லை, அல்லது ஆனோடு பக்கம் காற்று கசிகிறது.

எதிர்பார்ப்பு: சதுர செண்டிமீட்டருக்கு 50 மில்லி ஆம்பியர், 0.7 வோல்ட் என்றால் 10 சதுர செண்டிமீட்டருக்கும் சேர்த்து 0.35 வாட். ஃபர்னஸ் 2 கிலோவாட் இழுக்கும். இந்தச் செல் மின்சாரம் விளைவிக்க அல்ல, அளந்து பார்க்க. அளக்க வேண்டியது ஒன்றே ஒன்று: எத்தனை ஆம்பியர்-மணி வந்தது, எத்தனை கிராம் கரி குறைந்தது. 1 கிராம் கார்பனுக்கு 8.9 ஆம்பியர்-மணி வந்தால் நான்கு எலக்ட்ரானும் கைக்கு வந்துவிட்டது. 4.5 என்றால் கரி மோனாக்சைடாக ஓடுகிறது. அதற்கும் கீழே என்றால் எங்கோ காற்றில் எரிகிறது.

மோனாக்சைடை லேசாக எடுக்காதீர்கள். 10 கிராம் கரி முழுக்க அப்படிப் போனால் 40 லிட்டர் வாயு. 10 அடிக்கு 10 அடி அறைக்குள் அது ஆயிரம் பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு) தாண்டும், ஆளை விழத்தட்டும். வெளியேற்றும் குழாயை ஜன்னலுக்கு வெளியே விட்டு, அலாரம் ஒன்றும் வையுங்கள். இன்னொன்று, சூடான உருகலில் ஈரக் கரியோ தண்ணீர்ச் சொட்டோ படக்கூடாது. நீராவி வெடித்து உப்பு முகத்தில் தெறிக்கும்.

---

சாணக்கலன்

10 மாட்டுக் கேள்விக்கு நான் சொல்கிறேன். மாட்டுக்கு 10 கிலோ என்று 100 கிலோ சாணம், 4 கன மீட்டர் எரிவாயு. அதில் மீத்தேன் 60 சதவீதம் என்றால் 24 யூனிட் ஆற்றல். டீசல் இன்ஜினை மாற்றி ஓட்டினால் 5, 6 யூனிட் மின்சாரம். சாலிட் ஆக்சைடு ஃபியூயல் செல்லில் (உருகிய உப்புக்குப் பதில் திடமான பீங்கான் படலம் உள்ளது) பாதியை எடுக்கலாம், 12 யூனிட். அதாவது 24 மணி நேரமும் 500 வாட். கரியை விட வாயு சுலபம். குழாயில் வரும், சாம்பல் கிடையாது, சதுர செண்டிமீட்டருக்குக் கால் வாட் தாராளமாக எடுக்கலாம்.

சிக்கல் கந்தகம். சாண வாயுவில் ஹைட்ரஜன் சல்பைடு 1,000 முதல் 3,000 பிபிஎம் இருக்கும். அடுப்புக்குப் பரவாயில்லை. செல்லின் ஆனோடில் இருக்கும் நிக்கல் 1 பிபிஎம்முக்கே வோல்டேஜைக் கீழே போடும். ஆகவே இரண்டு கட்டமாகச் சுத்தம் செய்ய வேண்டும்.

முதல் கட்டம் இரும்புத் துரு. லேத் பட்டறையில் விழும் இரும்புச் சுருளை நனைத்து நனைத்துத் துருவேற்றி, பிவிசி குழாயில் தளர்வாக அடைத்தால் போதும். 2,000 பிபிஎம், 4 கன மீட்டர் என்றால் நாளைக்கு 11 கிராம் ஹைட்ரஜன் சல்பைடு. 1 கிலோ இரும்பு ஆக்சைடு ஏட்டுக் கணக்கில் 640 கிராம் பிடிக்கும், நடைமுறையில் அதில் பாதிகூட வராது. ஒரு மாதத்துக்கு 1 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கறுத்ததை வெளியே கொட்டினால் காற்றுப் பட்டுச் சூடாகும். குவித்து வைத்தால் தீப்பிடிக்கும், வைக்கோல் போர் பக்கம் போடவே போடாதீர்கள். மெல்லிசாகப் பரப்பி, தண்ணீர் தெளித்து ஆறவிட்டால் மறுபடி துருவாகும். அப்படி இரண்டு மூன்று தடவை ஓட்டலாம்.

இரண்டாவது கட்டம் துத்தநாக ஆக்சைடு உருண்டைகள், 350 டிகிரியில். துரு கோட்டைவிட்டதை இது 1 பிபிஎம்முக்குக் கீழே இறக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு டி (மூன்று வாய்க் குழாய் இணைப்பு) வைத்து, நனைத்த லெட் அசிட்டேட் தாளை வாரம் ஒரு முறை காட்டுங்கள். தாள் பழுப்பேறினால் துருவை மாற்ற வேண்டிய நேரம். துத்தநாகத்துக்குப் பின்னால் பழுப்பேறினால் வாயுவை உடனே நிறுத்த வேண்டும்.

அடுத்தது புகைக்கரி படிவது. மீத்தேனை அப்படியே சூடான நிக்கலில் விட்டால் கார்பன் நார் நாராக வளர்ந்து ஆனோடையே பிளந்துவிடும். வாயுவில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் காப்பாற்றும், அது மட்டும் போதாது. மீத்தேனுக்கு 2 பங்கு நீராவி சேர்க்க வேண்டும், உங்கள் அளவுக்கு மணிக்கு 150 மில்லி தண்ணீர். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். கடலோரப் போர்த் தண்ணீரை ஆவியாக்கினால் சில நாளில் குழாய் உப்பால் அடைக்கும். தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கொதிக்கக் கூடாது; வோல்டேஜ் அதோடு சேர்ந்து ஏறி இறங்குவதிலேயே தெரியும். கொதிகலத்துக்குள் பீங்கான் மணிகளைப் போட்டால் ஆவி சீராக வரும்.

சென்னையிலும் காரைக்குடியிலும் கொல்கத்தாவிலும் ஆராய்ச்சி நிலையங்கள் செல் செய்கின்றன. ஆனால் 500 வாட் அடுக்கைக் கடையில் போய்க் கேட்டு வாங்குகிற நிலைமை இன்னும் வரவில்லை. ஜப்பானில் 2009லிருந்து வீடுகளுக்கென்று 700 வாட் ஃபியூயல் செல் பெட்டி விற்கிறார்கள் என்பது உண்மை. அவை சுத்தமான குழாய் வாயுவுக்கானவை, சாண வாயுவுக்கு அல்ல.

---

வயல்வெளி

கார்பன் என்றால் சேறும் கார்பன்தானே? தண்ணீர் கட்டிய நெல் வயலில் ஒரு கிராஃபைட் ஃபெல்ட்டைச் சேற்றுக்குள்ளும் இன்னொன்றைத் தண்ணீர் மட்டத்திலும் வைத்தால் வேர் விடும் சத்தைப் பாக்டீரியா தின்று மின்சாரம் தருமாமே? குறுவைக்கும் தாளடிக்கும் வயல் சும்மா தண்ணீரோடுதானே கிடக்கிறது.

---

காரை மின்வேதி

தரும். சதுர மீட்டருக்குச் சில மில்லிவாட். ஒரு மாவில் (ஏறக்குறைய 1,300 சதுர மீட்டர்) முழுக்க ஃபெல்ட் விரித்தால் ஒரு சின்ன எல்இடி பல்பு. வயலில் ஈரப்பதம் அளக்கும் சென்சாருக்குச் சரி, வேறு எதற்கும் இல்லை. நாற்று நடுகிறவர்கள் காலில் ஃபெல்ட் சிக்கும் என்பதையும் யோசியுங்கள்.

---

பாய்லர்காரன்

எல்லோரும் செல்லைப் பற்றியே பேசுகிறீர்கள். உமியை கேசிஃபையரில் (உமியை எரிவாயுவாக்கும் கலன்) விட்டு இன்ஜின் ஓட்டினால் 2 கிலோ உமிக்கு 1 யூனிட் இன்றைக்கே வருகிறது. ஆலைக்கு அது போதாதா? சாலிட் ஆக்சைடு செல் என்றால் கரண்ட் போனதும் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லையே.

---

சாணக்கலன்

நியாயமான கேள்வி. கரண்ட் போனால் காற்று ஊதும் புளோயரும் நிற்கும், எரிவாயு வால்வும் மூடிக்கொள்ளும். 750 டிகிரியில் நிக்கல் ஆனோடு. வாயு நின்றதும் வெளிக்காற்று பின்னால் ஏறி நிக்கலை ஆக்சைடாக்கும். நிக்கல் ஆக்சைடானால் கன அளவு 70 சதவீதத்துக்குப் பக்கம் பெருக்கும். மேலே ஒட்டியிருக்கும் சிர்கோனியா பீங்கான் படலம் மயிரிழை விரிசல் விடும், அதோடு செல் போச்சு. அதனால் புளோயருக்கும் கண்ட்ரோலருக்கும் பேட்டரி கட்டாயம். நிறுத்தும்போது 5 சதவீத ஹைட்ரஜன் கலந்த நைட்ரஜனை ஆனோடில் விட்டுக்கொண்டே 400 டிகிரிக்குக் கீழே கொண்டுவர வேண்டும். சூடேற்றுவதும் நிமிடத்துக்கு 1, 2 டிகிரிதான், காலையில் சுவிட்ச் போட்டால் மாலையில்தான் மின்சாரம். ஆகவே பம்ப்செட் மாதிரி போட்டு அணைக்கிற ஆள் இது இல்லை. செல் 500 வாட்டில் ராப்பகலாக ஓடிப் பேட்டரியை ஏற்ற வேண்டும், மோட்டார் பேட்டரியிலிருந்து இழுக்க வேண்டும்.

டெல்டாவுக்கென்று இன்னொரு தொந்தரவு உண்டு. காற்றில் ஈரம் அதிகம். ஸ்டெயின்லெஸ் தகட்டில் இருக்கும் குரோமியம் ஈரக் காற்றோடு சேர்ந்து ஆவியாகிக் கேத்தோடில் படியும், வோல்டேஜ் மெல்ல மெல்லத் தேயும். மாங்கனீசு-கோபால்ட் ஆக்சைடு பூசிய தகடு வாங்குங்கள், உள்ளே போகும் காற்றை சிலிக்கா ஜெல்லில் உலர்த்துங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் என்றால் உப்புக் காற்றுக்கு ஃபில்டரும் வேண்டும்.

கேசிஃபையரை நானும் குறைசொல்லவில்லை. ஆலைக்கு இன்றைக்கு மின்சாரம் வேண்டும் என்றால் அதுதான் வழி. தார் கழுவிய கறுப்புத் தண்ணீரை என்ன செய்வது என்பதற்கு மட்டும் முதலிலேயே பதில் வைத்துக்கொள்ளுங்கள். வெண்ணாற்றில் விட்டால் ஊரே சண்டைக்கு வரும்.

---

உமிக்களம்

எல்லோருக்கும் நன்றி. சிரட்டைக் கரியில் மேசைச் செல் கட்டியாயிற்று. சாம்பல் 2 சதவீதம். 650 டிகிரியில் சுமை இல்லாமல் 0.98 வோல்ட் நிற்கிறது. 100 மில்லி ஆம்பியர் இழுத்தால் 0.30க்கு விழுகிறது. சுமையை எடுத்தால் உடனே 0.9க்கு மேல் போகிறது. ஆனோடு, கேத்தோடு நடுவில் 2 செண்டிமீட்டர். இரண்டு பக்கமும் வெளியே கொண்டுவர ஹீட்டர் நிக்ரோம் கம்பி, அரை மில்லிமீட்டர், தலா 40 செண்டிமீட்டர். கரி நனையவில்லையா, உப்பு கெட்டுவிட்டதா?

---

காரை மின்வேதி

0.98 நிற்கிறது என்றால் வேதியியலில் கோளாறு இல்லை. 100 மில்லி ஆம்பியருக்கு 0.68 வோல்ட் போகிறது, அதாவது 6.8 ஓம் எங்கோ இருக்கிறது. உப்பில் தேடாதீர்கள். 650 டிகிரியில் உருகிய கார்பனேட் நல்ல கடத்தி, 2 செண்டிமீட்டர் இடைவெளி, 10 சதுர செண்டிமீட்டர் என்றால் 0.2 ஓம்கூட வராது.

கம்பியைப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் நிக்ரோம் மீட்டருக்கு 5.6 ஓம். இரண்டு பக்கமும் சேர்த்து 80 செண்டிமீட்டர், 4.5 ஓம். உங்கள் 0.68இல் 0.45 வோல்ட் கம்பியிலேயே எரிகிறது. சுமையை எடுத்ததும் சட்டென்று ஏறுவதும் அதைத்தான் சொல்கிறது. வேதி வினை மந்தமாக இருந்தால் மெல்லத்தான் ஏறும்.

1 மில்லிமீட்டர் தூய நிக்கல் கம்பி போடுங்கள், சூட்டிலும் அதே நீளத்துக்கு அரை ஓம் தாண்டாது. காற்றுப் படும் கேத்தோடு பக்கம் அலுமினா உறைக்குள் விடுங்கள், இல்லையென்றால் மேலே ஆக்சைடு ஏறி முனையில் பிடிப்பு போய்விடும். அதோடு ஒவ்வொரு எலக்ட்ரோடுக்கும் இரண்டு கம்பி: கரண்ட் போக ஒன்று, வோல்டேஜ் அளக்க மட்டும் மெல்லிசாக இன்னொன்று. மீட்டரை இரண்டாவது ஜோடியில் வைத்தால் கம்பி இழப்பு அளவில் சேராது. அந்த மெல்லிய ஜோடிக்கு இப்போதிருக்கும் நிக்ரோமே போதும்.

மிச்சம் 0.23 வோல்ட். கம்பி மாற்றிய பிறகும் அது இருந்தால் இரண்டு சோதனை. சுமை ஓடும்போதே கார்பன் டை ஆக்சைடை 30 பங்கிலிருந்து 40க்கு ஏற்றுங்கள், வோல்டேஜ் ஏறினால் கேத்தோடு பசியில் இருக்கிறது, குமிழ்க் குழாயின் நுனி ஃபோமைத் தொடாமல் எங்கோ விடுகிறது. ஏறவில்லை என்றால் அலுமினாக் குச்சியால் ஆனோடுக் குழம்பை இரண்டு சுற்றுக் கிண்டுங்கள், குச்சியை முன்பே சூடாக்கிக்கொண்டு. கிண்டியதும் 0.1 வோல்ட் ஏறி பத்து நிமிடத்தில் மறுபடி இறங்கினால் கரி மேலே மிதக்கிறது. வலையை இன்னும் மேலே, கரி நிற்கும் மட்டத்துக்கு உயர்த்தி வையுங்கள். கிண்டும்போது ஆர்கானை இரண்டு மடங்காக்குங்கள், முடிந்ததும் பழையபடி குறைத்துவிடுங்கள்.